பாதி குடித்த டீ

பள்ளியிலிருந்து ஃபோன் வந்தபோது குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையில் வழுக்கும் குழந்தை, இன்னொரு கையில் வழுக்கும் ஃபோன். எதைக் கீழே போடலாம் என்பதில் சந்தேகம் இல்லாததால் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். ஓவிய ஆசிரியர் வேலைக்கு நான் போட்ட விண்ணப்பத்தைத் தாளாளர் பார்த்துவிட்டார்; திங்கட்கிழமை நேரில் வர வேண்டும்; வரும்போது, பொருள்களை முன்னால் வைத்துச் சொந்தமாக வரைந்த அசையாப் பொருள் ஓவியம் ஒன்று கொண்டுவர வேண்டும். எதை வரைய வேண்டும் என்று கேட்டேன்.

"டீங்க மேடம். டீ கல்ச்சர்" என்றார் அலுவலகத்துப் பெண்.

விஷயம் இதுதான். தாளாளர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தாராம். தங்கிய விடுதியில், டீ ஊற்றும் பீங்கான் கூஜாவும் கோப்பையும் எலுமிச்சைத் துண்டுமாக ஒரு படம் மாட்டியிருந்ததாம். கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கட்டிய அவருடைய பள்ளி வரவேற்பறையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். அதை வரைகிறவரையே ஆசிரியராகவும் வைத்துக்கொண்டால் ஒரே செலவில் இரண்டும் முடியும் அல்லவா.

எனக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் படித்து வாங்கிய ஓவியச் சான்றிதழ், குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் கிடந்தது. தடுப்பூசித் தேதியை நான் அடிக்கடி எடுத்துச் சரிபார்ப்பேன். சான்றிதழும் கூடவே ஒட்டிக்கொண்டு வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். அப்படி அது போய்வருவதைப் பத்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது: என் மாமனார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். கணவருக்கு வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. திங்கள் காலை கல்வராயன் மலை ஏறினால் வெள்ளி இரவுதான் இறங்குவார். மாமனார் ஓய்வுபெற்ற லைன்மேன். நான் கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நீ போ. நான் பாத்துக்கிறேன். பால் மட்டும் ஆத்தி வெச்சிட்டுப் போ" என்றார். அந்த மூன்று வாக்கியத்தின் மேல்தான் என் எதிர்காலம் நின்றது. அவர் நிஜமாகத்தான் சொன்னாரா, நான் கேட்டுவிட்டேனே என்று சொன்னாரா என்று அவர் டீ குடிக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். டீ குடிக்கும்போது அவர் முகத்தில் டீயைத் தவிர வேறொன்றும் தெரியாது.

எங்கள் வீட்டில் பீங்கான் கூஜா இல்லை. எலுமிச்சை இருந்தது, ஆனால் அது வாசற்படிக்கு வாங்கியது. சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். வெள்ளிமலையில் அவர் அலுவலகத்தில் சிக்னல் கிடையாது. சாலை வளைவில் ஒரு பலாமரத்தடியில் நின்றால் கொஞ்சம் கிடைக்கும், அதுவும் மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேச வேண்டும். எதை வரைவது என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு விஷயமா, ஒரு டம்ளரை வைத்துச் சீக்கிரம் முடி என்றார். மரத்தின் அந்தப் பக்கம் போனதும் குரல் அறுந்துவிட்டது.

ஓவியம் படித்தபோது எங்கள் ஆசிரியர் ஒன்று சொல்வார். வெறும் பொருளை வரையாதீர்கள், ஒருவர் புழங்கிய பொருளை வரையுங்கள்; ஆள் இல்லாமலே ஆள் தெரிய வேண்டும் என்பார். எங்கள் ஊர் டீ என்றதும் எனக்குத் தெரிந்த ஆள் மாமனார்தான். ஒரு நாளைக்கு ஐந்து முறை, அடிப்பக்கம் கனமாகப் பட்டைபோட்ட ஒரே கண்ணாடி டம்ளரில்தான் குடிப்பார். அவர் மணலூர்பேட்டையில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். டம்ளர் வீட்டில் இருந்தது.

வெள்ளி காலை வேலையை ஆரம்பித்தேன். நான் செய்த ஒவ்வொன்றுக்கும் ஓவியப்படி ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டம்ளரைத் தரையில் வைத்தால் மேலிருந்து பார்ப்பதுபோல் கோணம் சரியில்லை. பரணிலிருந்து ஒரு மணைப்பலகையை எடுத்துப் போட்டேன். பலகை கறுப்பாக இருந்தது. துணி மடிப்பு வரைந்தால் மதிப்பெண் கூடும் என்று மாமனாரின் வெள்ளைத் துண்டை அதன்மேல் விரித்தேன். டம்ளர் நிறைய டீ ஊற்றி வைத்தேன். முனைக் கடையில் இரண்டு மசால்வடை சுடச்சுட வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் கண்ணைப் பறித்தது. எல்லாம் பழுப்பாக இருக்கிறதே, ஒரு பச்சை இருந்தால் நன்றாக இருக்குமே என்று வாழையிலை நறுக்கு ஒன்றின்மேல் வடையை மாற்றினேன். ஆள் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியை மடித்து வைத்தேன். அலமாரியின் மூலையில் ஒரு பழைய பீடிக்கட்டும் கிடைத்தது. அவர் பீடியை விட்டு வெகுநாளாயிற்று, ஆனால் பீடிக்கட்டின் நூலும் வண்ணத்தாளும் படத்துக்கு அழகு.

ஜன்னல் வெளிச்சத்துக்காகப் பலகையைத் தெற்குப் பார்க்கத் திருப்பினேன். அப்போது பார்த்துக் கோடைமழை மேகம் கவிந்து இருட்டிவிட்டது, கரண்டும் போனது. கண்ணாடியில் ஒளிப்புள்ளி விழாவிட்டால் அது கண்ணாடியே இல்லை. அகல் விளக்கு ஒன்றை ஏற்றி ஓரமாக வைத்தேன். வடையில் ஈ மொய்த்தது. ஊதுவத்தி கொளுத்தினேன்.

நிற்க. இவ்வளவும் வைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, பொருள்களின் அமைப்பு நன்றாக வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கஷ்டம் எல்லாம் குழந்தையால்தான். அவள் தவழ ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் அசையாப் பொருள் என்று எதுவும் கிடையாது. கட்டிலைக் குறுக்கே இழுத்துப் போட்டு, அந்தப் பக்கம் அவளை விட்டு, இந்தப் பக்கம் நானும் டீயும் உட்கார்ந்தோம். வண்ணப்பெட்டியில் நஞ்சற்றது என்று அச்சடித்திருந்தது. அச்சடித்தவருக்குக் குழந்தை உண்டா இல்லையா என்று நமக்குத் தெரியாது; அதனால் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். டீ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆடை கட்டியது. ஆடையை எடுப்பதா, ஆடையோடு வரைவதா என்று யோசிப்பதற்குள் அடுத்த ஆடை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கொடுக்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நான் டம்ளரின் விளிம்பை வரைந்துகொண்டிருந்தேன். அந்த வளைவில் கையெடுத்தால் போச்சு, அதனால் திரும்பவில்லை. அக்கா மெதுவாக உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தது தெரிந்தது.

"எப்பம்மா?" என்றார், மிகவும் தணிந்த குரலில்.

"காத்தால பத்து மணிக்குங்க்கா" என்றேன்.

"மணலூர்பேட்டையிலயேவா?"

வடையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லக்கா. நம்ம முனைக் கடையிலதான். சூடா இருக்கும்போதே எடுத்துகினு வந்துட்டேன்."

அக்கா குரலை இன்னும் தணித்தார். "தனியாவா எடுத்துகினு வந்த? வூட்டுக்காரருக்குச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேங்க்கா. இதெல்லாம் ஒரு விசயமா, சீக்கிரம் முடின்னுட்டாரு."

"அப்பிடியா சொன்னாரு?"

"அவருக்கு இதுல இஷ்டம் கம்மிங்க்கா. எப்பிடியோ, திங்கக்கெழம எடுத்துகினு போவணும்."

"திங்கக்கெழம வரிக்குமா வூட்ல வெச்சிருக்கப் போற?"

"காயணும் இல்லீங்களா."

அக்காவின் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டு அப்போதுதான் திரும்பினேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். கண்ணெல்லாம் நீர். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். வெள்ளைத் துண்டு, நிறைந்த டம்ளர், வாழையிலையில் வடை, மடித்த கண்ணாடி, பீடிக்கட்டு, தெற்குப் பார்த்த விளக்கு, ஊதுவத்திப் புகை. இரண்டு மணி நேரமாகக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது என்னவென்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. இறந்துபோனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைப்போமே, அந்தப் படையல். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட நான் ஏதாவது மறந்திருப்பேன்.

அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் மாமனார் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். காதுகுத்து சீக்கிரமே முடிந்துவிட்டதாம்.

அக்கா எழுந்து நின்றார். அவரைப் பார்த்தார், படையலைப் பார்த்தார், கறிவேப்பிலையை என் கையில் திணித்துவிட்டு, அவரைச் சுற்றி ரொம்ப தூரம் விட்டு வெளியே போனார்.

மாமனார் கத்துகிறவர் இல்லை. கம்பத்தின் மேல் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எதையும் தொடுவதற்கு முன் நன்றாகப் பார்ப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "பீடி கூட வெச்சிருக்கியே" என்றார். "அது உங்க மாமியாருக்குப் படைக்கிற பலகை."

நான் படித்தவள், விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்து, ஆசிரியர் சொன்னதை அப்படியே சொன்னேன். "ஆளு இல்லாமலே ஆளு தெரியிற மாதிரி வரையறதுங்க மாமா."

"ஆளு இல்லாம" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். பையை வைத்துவிட்டு, வந்த வழியே முனைக் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். வீட்டில் இருக்கும்போது அவர் வெளியில் போய் டீ குடித்தது நான் வந்தபின் அதுதான் முதல் தடவை.

குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற வாக்கும் அவரோடு தெருமுனைக்குப் போய்விட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போதே படையல் போட்ட மருமகளுக்கு யார் பிள்ளை பார்ப்பார்கள்? இதையெல்லாம் எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். படையலென்றால் அதை எடுக்க ஒரு முறை இருக்கிறது: யாராவது கும்பிட்டு, காக்கைக்கு வைத்து, பிறகுதான் எடுக்க வேண்டும். முறைப்படி எடுத்தால் அது படையல்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சும்மா எடுத்துக் குப்பையில் போட்டால், ஒருவேளை அது படையலாகிவிட்டிருந்தால், மாமனாருக்கு ஏதாவது வருமோ? விளக்கையும் ஊதுவத்தியையும் அணைக்கக்கூடக் கை வரவில்லை. கணவருக்கு ஃபோன் போட்டேன். ஆச்சரியமாக அவர் அப்போது பலாமரத்தடியில் இருந்தார்.

"அப்பாவுக்குப் படையல் போட்டுட்டேங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் சிக்னல் இல்லை.

நான்கு மணிக்குக் கணவர் வந்தார். அலுவலக நண்பரின் வண்டியை வாங்கிக்கொண்டு, மலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு போக்குவரத்து ஜாஸ்தியானதால் அழ முடியவில்லை என்று பிற்பாடு சொன்னார். தெருமுனையில் திரும்பும்போது, டீக்கடை பெஞ்சில் அவருடைய அப்பா பொறையை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்து, "இன்னாடா, லீவா?" என்று கேட்டாராம்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் மாமனார், பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கணவர். எனக்கு இருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கணவர் படையலைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அப்படிக் கழற்றியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மூன்று பேரும் பலகையைச் சுற்றி நின்றோம்.

இருவருக்கும் வழிவிடக் குறுக்கே கிடந்த கட்டிலைத் தள்ளி வைத்துவிட்டேன் என்பதை நான் மறந்திருந்தேன். குழந்தை எங்கள் கால்களுக்கு நடுவே தவழ்ந்து வந்து, பலகையைப் பிடித்து எழுந்து, இரு கையாலும் ஒரு வடையைத் தூக்கிக் கடித்தாள். அவளுக்கு அப்போது இருந்ததே கீழே இரண்டு பற்கள். அவ்வளவையும் பயன்படுத்தினாள்.

நான் பாய்ந்து அவள் வாயில் விரலை விட்டேன். மிளகாய், காலையில் சுட்டது, ஈ மொய்த்தது, மூன்றும் என் தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடின. அவள் என் விரலையும் கடித்தாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எச்சி பண்ணிட்டா" என்றார். "எச்சி பண்ணா அது இன்னா படையலு? வெறும் வடை."

என் வாழ்நாளில் கேட்ட தீர்ப்புகளில் அதுபோல் எனக்கு நிம்மதி கொடுத்தது வேறில்லை. அந்த நிம்மதியில் ஒரு துணிச்சலும் வந்துவிட்டது. டம்ளரைக் கையில் எடுத்தேன். "மாமா, புதுசா டீ போட்டுத் தரேன். பாதி மட்டும் குடிச்சுத் தர்றீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "பாதின்னா, எது வரிக்கும்?"

விரலால் காட்டினேன். கணவர் அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. கணவர் டீ போடுவார், மாமனார் நான் காட்டிய அளவுவரை குடித்து வைப்பார், நான் வரைவேன். ஆடை கட்டியதும் அது செல்லாது. ஆறிய டீயை அவர் தொட மாட்டார். புது டீ வரும். சில நேரம் ஒரு வாய் அதிகமாகப் போய்விடும், கணவர் ஊற்றிச் சரிசெய்வார். மாமனார் பலகையைப் பரணில் ஏற்றிவிட்டு முக்காலி கொண்டுவந்து போட்டார். இலை போய்ச் செய்தித்தாள் வந்தது. பீடி போனது. மடித்த கண்ணாடியைத் தானே விரித்து வைத்தார். மடித்து வைத்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தமாம், விரித்து வைத்தால் வாசலில் யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கிறான் என்று அர்த்தமாம். குழந்தை கடித்த வடையை மட்டும் அப்படியே வைக்கச் சொன்னார். அது மறுநாள் கல்லாகிவிட்டதால் கடிபட்ட தடம் அழியவே இல்லை.

எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார். "உள்ள வாம்மா, உசுரோடதான் இருக்கேன்" என்று மாமனார் கூப்பிட்டார். அக்கா வந்து ஒரு டீ குடித்துவிட்டு, தான் ஒன்றும் நினைக்கவில்லை என்று நான்கு முறை சொன்னார்.

டீயின் நிறம்தான் என்னைப் படுத்தியது. மூன்று வண்ணம் கலந்தேன், சேறு வந்தது. நான்கு கலந்தேன், நல்ல சேறு வந்தது. மாமனார் தோளுக்கு மேலாகப் பார்த்து, "பால் ஜாஸ்தி ஊத்திட்ட" என்றார். வெள்ளையைக் குறைத்தேன். சரியாக வந்தது.

திங்கட்கிழமை மூன்று பேராகப் பள்ளிக்குப் போனோம்: நான், குழந்தை, மாமனார். அவரையும் குழந்தையையும் வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் படத்தோடு உள்ளே போனேன். பால் புட்டி கொடுத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அவர் புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

தாளாளர் படத்தை மேசையில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் கூஜாவைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நல்லாருக்கும்மா. கண்ணாடி கண்ணாடியாவே இருக்கு. ஆனா டீ ஏன் பாதியா இருக்கு?"

நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ரிசப்ஷன்ல மாட்டப் போறோம். வர்றவங்க கண்ணுக்கு நெறைஞ்சு இருந்தாத்தானே நல்லாருக்கும். கொஞ்சம் பெயின்ட் வெச்சு மேல வரைக்கும் நெரப்பிடுங்க. வடையையும் முழுசாக்கிடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

ஐந்து நிமிட வேலைதான். வண்ணப்பெட்டி பையிலேயே இருந்தது. பெரியவர்கள் ஒன்று சொன்னால் சரிங்க என்பதற்கு என் வாய் தானாகவே திறக்கும், அன்றும் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே மாமனார் குழந்தைக்குப் பள்ளிப் பேருந்தின் சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்க சார்" என்று யாரோ சொன்னார்கள். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"ஏன் முடியாது?"

"குடிச்சிட்டாருங்க சார்."

"யாரு?"

ஜன்னலைக் காட்டினேன். தாளாளர் எழுந்து வந்து பார்த்தார். ஜன்னலில் யாரோ நிற்பதைக் கண்டதும் மாமனார் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி டாட்டா காட்டினார்.

"உங்க குழந்தையா?"

"ஆமாங்க சார்."

"ஸ்கூலுக்கு வந்துட்டா யாரு பாத்துப்பாங்க?"

"அவருதாங்க. எங்க மாமனாரு."

அவர் திரும்பி வந்து மறுபடி படத்தைப் பார்த்தார். வடையில் இருந்த இரண்டு பல் தடத்தின் மேல் விரலை வைக்கப்போய், ஈரமாக இருக்குமோ என்று எடுத்துக்கொண்டார். இப்படியே இருக்கட்டும் என்றார். ஜூன் முதல் வாரம் வந்து சேர்ந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

கும்பிட்டுவிட்டு வராந்தா வரை வந்துவிட்டேன். மரத்தடியில் மாமனார் எழுந்து நின்று, என்ன ஆயிற்று என்று கையை அசைத்துக் கேட்டார். ஒரு நிமிடம் இருங்கள் என்று சைகை காட்டிவிட்டு, திரும்பிப் போய்த் தாளாளர் அறைக் கதவை மெல்லத் தட்டினேன்.

"சார், ஜூன்னு சொன்னீங்களே. இந்த வருஷ ஜூன்தானுங்களே?"

"இந்த வருஷம்தாம்மா" என்றார்.